அம்மம்மாவின் பூசணி விதை

2025 ஜனவரி 18
மாரி முடிந்து செம்மண் கொத்துப் பதத்துக்கு வந்துவிட்டது. கிணற்றடிக்குக் கிழக்கே போன மாதம் பூவரசங்குழை தாழ்த்திய நான்கு குழியும் நன்றாக உக்கியிருக்கின்றன. இரண்டில் கழுத்து நீண்ட பட்டர்நட் பூசணி, மற்ற இரண்டில் அம்மம்மா வைத்திருந்த நாட்டுப் பூசணி. என் கையிலிருந்த நாட்டு விதை கலந்துபோனது. போன வருடம் அதில் கழுத்து நீண்ட, தண்ணீர்ச் சதைக் காய்கள்தான் வந்தன. மனம் நொந்துபோயிற்று. இது அக்கா சாம்பலில் பிரட்டிப் போத்தலில் வைத்திருந்த பழைய விதை. பதினொன்றுதான் மிச்சம்.

ஜனவரி 25
ஏழு முளைத்தன.

பெப்ரவரி 22
பூவெல்லாம் உதிருதே என்று பக்கத்து வீட்டு மாமி கவலைப்பட்டா. உதிர்வது ஆண் பூ, முதலில் அதுதான் வரும். அடியில் குட்டிப் பிஞ்சோடு வருவதே பெண் பூ. உதிர்ந்தவை இரவு வறையாயின.

மார்ச் 2
பட்டர்நட்டும் நம் பூசணியும் ஒரே இனம், தேனீ ஒன்று போதும் கலப்பதற்கு. நீத்துப்பூசணி வேறு இனம், அதனால் பயமில்லை. நேற்றுப் பின்னேரமே இன்று விரியவிருந்த மொட்டுகளை நூலால் கட்டிவிட்டேன். இன்று காலை ஆறு மணிக்கு நாட்டுக் கொடியின் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தடவி, மறுபடி கட்டினேன். மூன்று பூ. காம்புகளில் சிவப்பு நூல்.

மார்ச் 9
இரண்டு பிஞ்சு மஞ்சளித்து விழுந்தன. ஒன்று நிற்கிறது. பழ ஈ குத்தாமல் இருக்கக் கடதாசி சுற்றியிருக்கிறேன். தினமும் இரண்டு தரம் போய்ப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 21
காம்பு காய்ந்து தக்கைபோல் ஆயிற்று, தோலில் நகம் இறங்கவில்லை. காம்போடு வெட்டினேன். ஐந்து கிலோவுக்கு மேல். விதை முற்றட்டும் என்று சாமியறை மூலையில் வைத்தேன்.
சந்தைக்கு என்றால் அர்ஜுனா போன்ற கலப்பின விதையே சரி, காய் ஒரே அளவில் வரும். ஆனால் அதில் விதை எடுத்து வைத்தால் அடுத்த முறை அதே காய் வராது. வீட்டுக்கு எனக்கு இதுதான்.

மே 13
வெட்டினோம். கடும் செம்மஞ்சள் சதை, மாப்பிடிப்பு. பாற்கறி வைத்தபோது அம்மா பேசாமல் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டா. கலப்பு இருந்தால் இந்தக் காயில் தெரியாது, விதையை நட்டால்தான் தெரியும். கழுவி நிழலில் காயப் போட்டிருக்கிறேன். பாதி அக்காவுக்கு.