எனக்கு நானே கொடுத்த வாக்கு

பல ஆண்டுகளாக, காலையில் கண்ணாடி முன் நின்று, "நான் துணிச்சலானவள், என்னால் எதையும் செய்ய முடியும்" என்று பத்து முறை சொல்லிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். சொல்லி முடித்த மறுநொடியே, "அப்படியானால் நேற்றைய கூட்டத்தில் ஏன் வாயே திறக்கவில்லை?" என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்கும். அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. போதிய நம்பிக்கையோடு சொல்லாததுதான் குறை என்று எண்ணி, பத்து முறையை இருபது முறையாக்கினேன். குரல் அடங்கவில்லை, இன்னும் உரத்துக் கேட்கத் தொடங்கியது.

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜோஆன் வுட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தபோதுதான், இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று என்று தெரிந்தது. "நான் அன்புக்குரியவன்" என்ற வாக்கியத்தைத் தமக்குத் தாமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டவர்களில், ஏற்கெனவே தம்மைப் பற்றி நல்லெண்ணம் உடையவர்களின் மனநிலை சற்றே மேம்பட்டது. தம்மைத் தாழ்வாக எண்ணியவர்களின் மனநிலையோ, அதைச் சொல்லாதவர்களுடையதைவிடவும் மோசமாக இருந்தது. யாருக்கு அந்த வாக்கியம் மிகவும் தேவைப்பட்டதோ, அவர்களையே அது காயப்படுத்தியது. நாம் நம்மைப் பற்றிக் கொண்டிருக்கும் கருத்துக்கு வெகுதொலைவில் இருக்கும் ஒன்றைச் சொல்லும்போது, மனம் அதை ஏற்காமல் மறுப்பதற்கான சான்றுகளைத் தேடத் தொடங்கிவிடுகிறது என்பதே அதற்கு அவர்கள் தந்த விளக்கம். என் கண்ணாடிக்கு முன்னால் நடந்துகொண்டிருந்ததும் அதுதான்.

அப்படியானால் மனம் எதை ஏற்கும்? ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977இல், 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற எண்ணம் எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார். நாமே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம், நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொற்கள், அந்த நேரத்தில் நம் உடலும் மனமும் இருக்கும் நிலை ஆகியவை அவை. இவற்றுள் முதலாவதே மிக வலியது என்பது அவர் முடிவு. பாம்பு என்றாலே நடுங்கியவர்களோடு அவர் செய்த வேலை எனக்கு மறக்க முடியாதது. முதலில் எட்ட நின்று பார்ப்பது, பிறகு சற்றே நெருங்குவது, கையுறை அணிந்து தொடுவது, பின்னர் வெறுங்கையால் தொடுவது எனச் சிறு படிகளாக, உடன் ஒருவர் துணைநிற்க, அவர்கள் முன்னேறினார்கள். "பயப்படாதே" என்ற சொல்லால் பல ஆண்டுகளாக அசையாத அச்சம், கை தொட்ட பிறகு விலகியது. அதைவிட வியப்பானது, பாம்போடு தொடர்பே இல்லாத வேறு விஷயங்களிலும் தங்கள் துணிவு கூடியிருப்பதாக அவர்களுள் பலர் சொன்னதுதான்.

இதைப் படித்த பிறகு என் பழைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தேன். நாளை முதல் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுவேன், ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்வேன், இனி யாரிடமும் தயங்கமாட்டேன் என்று எத்தனை வாக்குகளை எனக்கு நானே கொடுத்திருப்பேன்! அவற்றுள் பெரும்பாலானவை மூன்றாம் நாளே முறிந்தன. பிறருக்குக் கொடுத்த வாக்கை மீறினால் வெட்கப்படுகிறோம், மன்னிப்புக் கேட்கிறோம். நமக்கு நாமே கொடுத்த வாக்கை மீறினால் யாருக்கும் இழப்பில்லை என்று கடந்துவிடுகிறோம். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒருவர் உண்டு. நாள்தோறும் வாக்குத் தவறும் ஒருவரை நாம் எப்படி நம்பமாட்டோமோ, அப்படியே நான் என்னை நம்பாமல் போயிருந்தேன். என் தன்னம்பிக்கைக் குறைவு ஒரு நோயன்று, என் நடத்தையைப் பார்த்து என் மனம் எடுத்த நியாயமான முடிவு என்று புரிந்த அன்று, வருத்தத்தைவிட நிம்மதியே மிகுதியாக இருந்தது. முடிவு நடத்தையிலிருந்து வந்ததென்றால், நடத்தை மாறும்போது அதுவும் மாறத்தானே வேண்டும்.

ஆகவே ஒரு சிறு குறிப்பேடு வாங்கினேன். ஒவ்வோர் இரவும் மறுநாளுக்கென ஒரே ஒரு வாக்கு எழுதுவேன். காய்ச்சலாக இருந்தாலும் நிறைவேற்றக்கூடிய அளவுக்கு அது சிறியதாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. பத்து நிமிடம் நடப்பது, தள்ளிப்போட்ட ஒரு தொலைபேசி அழைப்பைச் செய்வது, கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பது. நிறைவேறியதும் அதன் எதிரே தேதியிடுவேன். முதல் வாரம் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது உண்மை. ஆயினும் தேதிகள் ஒரு பக்கத்தை நிரப்பியபோது, "நீ எதையும் முடிப்பதில்லை" என்ற பழைய குரலுக்குக் காட்ட என்னிடம் முதன்முறையாக ஒரு தாள் இருந்தது.

21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்ற பேச்சை நம்பி நான் பலமுறை மனம் உடைந்திருக்கிறேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அறுவை மருத்துவர், முக அமைப்பை மாற்றிக்கொண்ட தம் நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழக ஏறத்தாழ 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதியதே, காலப்போக்கில் அப்படித் திரிந்தது. லண்டனில் பிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, ஒரு செயல் இயல்பாக வருவதற்கு ஏறத்தாழ 66 நாள்கள் ஆயின. செயலையும் ஆளையும் பொறுத்து அது 18 முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறினால் எல்லாம் பாழாகிவிடுவதில்லை என்பதும் அதில் தெரியவந்தது. இந்த ஒரு செய்தி பத்து ஆண்டுகளுக்கு முன்பே எனக்குக் கிடைத்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன்.

செயல் மட்டும் போதாது. செய்ததை மனம் எப்படிக் கணக்கில் எழுதுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1960களில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வுற்றவர்களின் உள்ளத்தில் தாமாகவே நொடியில் எழுந்து மறையும் எண்ணங்களைக் கவனித்தார். அவற்றை எழுதிவைத்து, ஆதரவாக என்ன சான்று, எதிராக என்ன சான்று என்று விசாரிக்கும் முறை அவர் உருவாக்கிய சிகிச்சையின் உயிர்ப்பகுதி. அந்த வழியில் நானும் குறிப்பேட்டின் பின்பக்கங்களில் எழுதுகிறேன். ஒருமுறை, நான் அனுப்பிய செய்திக்குத் தோழி இரண்டு நாள் பதில் தரவில்லை. "என்னை அவளுக்குப் பிடிக்கவில்லை" என்று மனம் தீர்ப்பெழுதிவிட்டது. தாளில் எழுதிப் பார்த்தபோது, அந்தத் தீர்ப்புக்கு ஒரு சான்றுகூட இல்லை. அவள் வேலைப்பளுவில் இருப்பதற்கோ மூன்று சான்றுகள் இருந்தன. எண்ணம் தலைக்குள் சுழலும்போது உண்மை போலவே இருக்கிறது. தாளில் இறங்கியதும் அது வெறும் வாக்கியமாகிவிடுகிறது.

மகிழ்ச்சியைப் பொறுத்தவரை என் அனுபவம் சிறியது. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வுகளுள் ஒன்றில், பத்து வாரங்கள், வாரம் ஒருமுறை, நன்றியுணர்வுக்குரிய ஐந்து செய்திகள் வரை எழுதியவர்கள், தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். நானும் முயன்றேன். "குடும்பம், உடல்நலம்" என்று ஒரே சொற்களை எழுதிக்கொண்டிருந்த வரையில் எதுவும் நிகழவில்லை. "மாடிப்படியில் பெட்டியைத் தூக்க ஒரு முன்பின் தெரியாதவர் கைகொடுத்தார்" என்று குறிப்பாக எழுதத் தொடங்கிய பிறகே, பகலிலேயே அத்தகைய கணங்களைக் கண் தேடத் தொடங்கியது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேலாகச் சோர்வு நீங்காமல், உறக்கமும் பசியும் குலைந்து, எதிலும் நாட்டமற்றுப் போனால், குறிப்பேட்டை நம்பிக் காத்திருக்கக் கூடாது; மருத்துவரிடம் செல்ல வேண்டும். அந்த நிலையில் இருப்பவரிடம் "மனத்தைத் தேற்றிக்கொள்" என்று சொல்வது கொடுமை.

இப்போது நான்காவது குறிப்பேடு நடக்கிறது. கண்ணாடி முன் நான் எதுவும் சொல்வதில்லை, தலைவாரிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். சென்ற வாரக் கூட்டத்தில் இரண்டு கேள்விகள் கேட்டேன். இரண்டாவது கேள்வி வாக்கில் இல்லாதது, தானாகவே வந்தது. அதற்கு எதிரே என்ன எழுதுவதென்று தெரியாமல், தேதியை மட்டும் இட்டுவைத்தேன்.