பார்க்கவா, சொல்லவா?

படப்பிடிப்பு நடக்கும் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒலிப்பதிவு செய்பவருக்கு முதல் வேலை மின்விசிறியை நிறுத்துவதுதான். காகத்தையும் கோயில் ஒலிபெருக்கியையும் நிறுத்த முடியாது, காத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் திருவிழாக் காலமென்றால் அந்தக் காத்திருப்பே அரை நாளைத் தின்றுவிடும்.

ஓட்டிசத்தின் ஒரு வடிவமான, பிறர் கண்பார்த்துப் பழகுவதைக் கடினமாக்கும் ஆஸ்பெர்கர் நிலையோடு வாழும் ஓர் இளைஞரைப் பற்றிக் குறும்படம் எடுக்கப்போவதாக இயக்குநர் நண்பர் சொன்னபோது, நான் உடனே சம்மதித்ததற்கு இந்த ஒலிகள்தான் காரணம். நம் காது வேண்டாததை ஒதுக்கிவிட்டு எதிரில் இருப்பவரின் பேச்சைப் பிடித்துக்கொள்ளும். மைக்குக்கு அந்தத் தயவு கிடையாது. விசிறியும் பேச்சும் அதற்கு ஒன்றுதான். இந்த நிலையில் உள்ள பலர், எல்லோரும் அல்ல, தங்கள் செவி அனுபவத்தை ஏறக்குறைய இப்படித்தான் விவரிக்கிறார்கள். அந்த உலகத்தைப் பார்வையாளருக்குக் கேட்கச் செய்யும் கருவியோடுதான் நான் இத்தனை காலமும் வேலை செய்திருக்கிறேன்.

நண்பருக்கு வேறு காரணம் இருந்தது. தன் அக்காவின் மகனை ஊரார் ‘விசரன்’ என்றும் ‘திமிர் பிடித்தவன்’ என்றும் சொல்வதைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்தவர் அவர்.

வியன்னா மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் எழுதியதை முன்வைத்து, 1981இல் பிரித்தானிய மனநல மருத்துவர் லோர்னா விங் இந்தப் பெயரைப் பரவச் செய்தார். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இதைத் தனிப் பெயராக வைத்திருக்காமல் ஓட்டிசத்துக்குள் சேர்த்துவிட்டது. ஆனால் நாங்கள் படம்பிடித்த இளைஞர் தன்னைப் பற்றிச் சொல்லும்போது பழைய பெயரைத்தான் சொல்கிறார். அவர் சொல்வதையே நாங்களும் வைத்துக்கொண்டோம்.

அவர் ஒரு கராஜில் வேலை செய்கிறார். பழைய ஒஸ்ரின் ஏ40 கார்கள் என்றால் உயிர். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அந்தக் கார்கள் சொட்டுப் பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடிய கதையைக் காபரேட்டரைக் கழற்றியபடியே ஒவ்வொரு படியாக விளக்கினார். குனிந்த தலை நிமிரவில்லை.

“தம்பி, இந்தப் பக்கம் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார் இயக்குநர்.

“பார்க்கவா அண்ணா, சொல்லவா? இரண்டும் ஒன்றாக வராது.”

எங்கள் தொழிலின் இலக்கணமே அந்த இடத்தில் ஆட்டம் கண்டது. ஒருவர் பார்க்கிறார், அடுத்த ஷாட்டில் மற்றவர் பதிலுக்குப் பார்க்கிறார்: உரையாடலை நாங்கள் தைப்பது கண்களை வைத்துத்தான். அவர் கவனமெல்லாம் விரல்களில் இருந்தது. கமரா விரல்களுக்கு இறங்கியது. குரலை நான் நெருக்கமாகப் பதிந்தேன். முகத்தில் தேடிக் கிடைக்காத உணர்ச்சி அந்தக் குரலில் நிறையவே இருந்தது.

தானே ஓட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டேமியன் மில்டன், 2012இல் இதை இருபக்கச் சிக்கல் என்று எழுதினார். அவர்களுக்கு நம்மைப் புரிவது கடினம் என்றால், நமக்கும் அவர்களைப் புரிவது கடினம்தான். குறையை ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. கராஜ் முதலாளி எந்த ஆய்வையும் படித்தவர் அல்லர். ஆனாலும் நாளின் வேலைகளைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுக்கிறார். ஹோர்ன் பரிசோதிப்பதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். வாடிக்கையாளரிடம் பேசும் பொறுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். அந்த இளைஞர் பொருத்திய எஞ்சின் திரும்பி வருவது அரிது என்று முதலாளி பெருமையோடு சொன்னார்.

திரைக்கதையின் முதல் பிரதியின் முடிவில் அந்த இளைஞர் தன் தாயின் கண்களை நேராகப் பார்ப்பதாக ஒரு காட்சி இருந்தது. அதைப் பார்த்து அரங்கம் கண்கலங்கியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு வலிக்கும் ஒன்றை வெற்றியாகக் காட்டுவது அநியாயம் என்று வாதாடினேன். இயக்குநர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, முதலாளி தாளில் எழுதும் காட்சியை அங்கே வைத்தார்.