ராத்திரி மேகம் எப்படித் தெரியும்?

நேற்று ராத்திரி உவரியிலிருந்து மச்சான் போன் பண்ணி, "அத்தான், தெக்க மின்னுது, மேகம் நம்ம பக்கம் வருதா பாருங்க" என்றான். உடனே இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் வரும் மோஸ்டாக் இணையதளத்தைத் திறந்து, இன்சாட்-3டிஆர் என்ற வானிலைச் செயற்கைக்கோள் எடுத்த படத்தைப் பார்த்தேன்.

பலருக்கும் வரும் சந்தேகம், இருட்டில் எப்படிப் படம் எடுக்கிறது என்பது. அகச்சிவப்பில் பார்ப்பது வெளிச்சத்தை அல்ல, வெப்பத்தை. உயரமான மேகத்தின் உச்சி கடும் குளிர்ச்சி, அதனால் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். கடல் வெதுவெதுப்பாக இருப்பதால் கறுப்பு. ஆனால் வெள்ளையெல்லாம் மழை இல்லை, மெல்லிய பஞ்சு மேகமும் உயரத்தில் இருந்தால் அப்படித்தான் தெரியும், அதனால் ஒரே படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அரை மணிக்கு ஒன்றாக வரும் நாலைந்து படங்களை வரிசையாக ஓட்டிப் பாருங்கள்.

நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால்தான் அந்தச் செயற்கைக்கோள் இந்தியப் பெருங்கடலை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்க்கிறது. 2016-ல் 3டிஆர், 2024 பிப்ரவரியில் அதே வகையைச் சேர்ந்த 3டிஎஸ், இரண்டையும் ஏற்றிப்போனது ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட். அதன் கிரையோஜெனிக் இன்ஜினை, அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் இன்ஜினை, சோதிப்பது நம்ம மகேந்திரகிரியில்! எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் வந்ததிலிருந்து மழைக்காலத்தில் இந்தப் படத்தைப் பார்க்காமல் நான் தூங்குவதில்லை.

நேற்று அந்த வெள்ளைத் திட்டு மேற்கே குமரிக்கடல் பக்கம் நகர்ந்துவிட்டது. இருந்தாலும், வானிலை மைய எச்சரிக்கையையும் பார்த்துவிட்டு வள்ளத்தை இறக்கு என்றுதான் மச்சானிடம் சொன்னேன்.