தன் சட்டத்தைத் தானே எதிர்ப்பவர்

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகர டவுன் ஹாலில் நான் பிரிட்டிஷ் குடியுரிமை உறுதிமொழி எடுத்தபோது என் மகள் மடியில் தூங்கிப்போயிருந்தாள். பெயரைக் கூப்பிட்டதும் அவளைத் தோளில் போட்டுக்கொண்டே போய்ச் சான்றிதழ் வாங்கினேன். 2004-ல் தொடங்கிய இந்த விழாக்களுக்கு வழி செய்தவர் அன்றைய உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கெட் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவருடைய அரசியலும் இதே கட்டடத்தில்தான் ஆரம்பித்தது. அதிலிருந்து அவரைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிக்கிறேன்.

1947-ல் இதே ஊரில் பிறந்தவர். பிறவியிலேயே பார்வையில்லை. நான்கு வயதில் விடுதிப் பள்ளி. பன்னிரண்டு வயதில், வேலைக்குப் போன அப்பா கொதிநீர்த் தொட்டியில் விழுந்து இறந்துபோனார். மாலை வகுப்பில் படித்துப் பல்கலைக்கழகம் போய், மாணவராக இருக்கும்போதே 1970-ல் கவுன்சிலர் ஆனார். அப்போது வயது 22.

1980 முதல் 1987 வரை கவுன்சில் தலைவர். எஃகு ஆலைகள் மூடி, வீடு வீடாக வேலை போன காலம் அது. கவுன்சில்கள் வசூலிக்கும் வரிக்குத் தாட்சர் அரசு உச்சவரம்பு வைத்தபோது, 1985-ல் எதிர்த்து நின்ற ஊர்களில் ஷெஃபீல்டும் ஒன்று. கடைசியில் வரம்புக்குள் பட்ஜெட் போட வேண்டியதாயிற்று. என் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அந்தக் காலத்தில் மறக்காதது பேருந்துதான். பிள்ளைகளுக்கு 2 பென்ஸ் கட்டணம். 1986 வரை அப்படி ஓடியது என்று இன்றும் சொல்வார்.

1987-ல் பிரைட்சைட் தொகுதி எம்பி. 1997-ல் கல்வி அமைச்சர், 2001-ல் உள்துறை. இரண்டு முறை அமைச்சர் பதவியை விட்டு விலகினார். அந்தக் கதைகளைப் பத்திரிகைகள் போதுமான அளவு எழுதிவிட்டன.

எனக்கு முக்கியம் அவருடைய 2003 சட்டம். அதன்படி சில குற்றவாளிகளுக்கு விடுதலைத் தேதியே கிடையாது. நீதிமன்றம் சொன்ன குறைந்தபட்சக் காலம் முடிந்தாலும், இவரால் ஆபத்தில்லை என்று பரோல் வாரியம் நம்பும்வரை உள்ளேதான். இரண்டு வருடம் என்று போனவர்கள் பத்து வருடம் கழித்தும் வெளியே வரவில்லை. 2012-ல் அந்தத் தண்டனையை ஒழித்தார்கள். ஆனால் ஏற்கெனவே தண்டனை பெற்றவர்களுக்கு அது பொருந்தவில்லை. மகன் எப்போது வருவான் என்று தெரியாமல் ஒரு தாய் நாட்காட்டியைப் பார்ப்பது எப்படி இருக்கும்? எனக்கு நினைக்கவே வயிறு கலங்குகிறது.

2015-ல் பிளங்கெட் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபைக்குப் போனார். அங்கே ஓய்வாக உட்கார்ந்திருக்கலாம். அவரோ அந்தத் தண்டனை தன் தவறு என்று வெளிப்படையாகச் சொல்லி, அதைச் சரிசெய்யத் திருத்தங்கள் கேட்டு வருகிறார். தான் போட்ட சட்டத்தைப் பற்றி இப்படிப் பேசிய அமைச்சரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. விடுதலையானவர்கள் தலைமேல் தொங்கும் நிபந்தனைகளை நீக்கலாமா என்று பரிசீலிக்கப் பத்து வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2024-ல் வந்த சட்டம் அதை மூன்றாகக் குறைத்தது. உள்ளேயே இருப்பவர்கள் நிலை அப்படியேதான்.

அவர் சபையில் பேசும் நாளில் மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக் காணொளி பார்ப்பேன். போன தடவை அவள் கேட்டாள்: "அப்பா, அவங்க எல்லாரும் எப்ப வீட்டுக்குப் போவாங்க?"