முயலுக்கு உலர்புல்: மொட்டைமாடியில் காயவைத்துப் பார்த்ததில் தெரிந்தவை

வளர்ந்த முயல்கள் இரண்டு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 கிலோ. பெல்லட் (அரைத்து அழுத்திச் செய்த குச்சித் தீவனம்), கேரட், கோஸ் என்று பழகியவை. அவற்றை உலர்புல்லுக்கு மாற்றுவதும், அந்தப் புல்லைச் சென்னை வெயிலில் நாமே காயவைத்துக்கொள்வதும்தான் முயற்சி. முயல்கள் மாறிவிட்டன. புல்லும் சாக்கில் சேர்ந்திருக்கிறது. அடுத்தவருக்குப் பயன்படட்டும் என்று அளவோடு எழுதிவைக்கிறோம்.

பெல்லட் மட்டும் போதாதா என்று பலரும் கேட்பதால் அதை முதலில் சொல்லிவிடலாம். முயலின் பற்கள் சாகும்வரை வளரும். முன்பல் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளர்கிறது. கடைவாய்ப் பற்களும் நிற்பதில்லை. அவை தேய வேண்டுமென்றால் தாடை பக்கவாட்டில் அசைந்து நீண்ட நாரை அரைக்க வேண்டும். பெல்லட்டை முயல் மேலும் கீழுமாகக் கடித்து நொறுக்கி விழுங்கிவிடும். தேயாத ஓரம் கூர்முனையாக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். பெல்லட்டில் நார்ச்சத்து இருந்தாலும் அது மாவாக அரைத்த நார். குடலைத் தள்ளி நகர்த்துவது நீளமான நார்தான். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்னோக்கித்தான் நகர வேண்டும். நகர்வு நின்றால் உயிருக்கே ஆபத்து.

வெளிநாட்டு டிமோத்தி புல் இங்கே கிடைக்கிறது, ஆனால் விலை மாதாமாதம் வலிக்கும். வைக்கோல் மலிவு, அதில் சிலிக்கா அதிகம், புரதம் மிகக் குறைவு. படுக்கைக்கு விரிக்கலாம், முதன்மை உணவாக வைக்கக் கூடாது. குதிரை மசால் என்ற தீவனப் பயிரைக் காயவைத்துத் தரச் சொல்பவர்கள் உண்டு. ஐந்தாறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கு அது நல்லது. வளர்ந்த முயலுக்கு வேண்டாம், அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். தின்னும் சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதியை முயலின் குடல் உறிஞ்சிக்கொள்ளும், அதில் தேவைக்கு மிஞ்சியது சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீர் சுண்ணாம்புக் குழம்பாக வந்தால் சிறுநீர்ப்பையில் மணல் சேரத் தொடங்கிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும்.

புல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை முடிகிறது. கோ-4 கம்பு நேப்பியர் என்ற மாட்டுத் தீவனப் புல் எங்கும் கிடைக்கும். ஆனால் அதன் தண்டு தடிமன். இலை காய்ந்து நொறுங்கிய பிறகும் தண்டுக்குள் ஈரம் நிற்கும். சாக்கில் கட்டி வைத்தால் பூஞ்சை தொடங்குவது அந்தத் தண்டிலிருந்துதான். நேப்பியர்தான் கிடைக்கும் என்றால் இலையை மட்டும் உருவிக் காயவைக்கலாம். மெல்லிய தண்டுள்ள கொழுக்கட்டைப்புல், கினியாப்புல், அருகம்புல் மூன்றும் நன்றாக வந்தன. மணமும் நிறமும் கொழுக்கட்டைப்புல்லில் மிகச் சிறப்பு. எந்தப் புல்லானாலும் கதிர் வெளிவரும் தறுவாயில் அறுக்க வேண்டும். முற்றினால் வெறும் குச்சிதான் மிஞ்சும். கதிரின் முள் வாயிலும் கண்ணிலும் குத்தும்.

அறுத்ததும் கையால் கலைத்துப் பார்ப்பது கட்டாயம். பார்த்தீனியம் ஒரு செடி கலந்திருந்தாலும் எடுத்துவிட வேண்டும். ஊசிப்புல் இருந்தால் அந்தப் புல்கட்டையே ஒதுக்குவது நல்லது. இளஞ்சோளப் பயிரில் சயனைடு நச்சு இருக்கும், தொட வேண்டாம். சூபாபுல் மரத்தின் இலையில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது. தொடர்ந்து கொடுத்தால் முடி கொட்டும். சாலையோரப் புல்லில் வாகனப் புகையும் நாய் சிறுநீரும் களைக்கொல்லியும் படிந்திருக்கும். எவ்வளவு பசுமையாக இருந்தாலும் அது முயலுக்கு ஆகாது.

பனி உலர்ந்த பிறகு, காலை ஒன்பது மணிவாக்கில் அறுப்பது சரியாக வருகிறது. மொட்டைமாடித் தரையில் நேரடியாகப் பரப்பினால் அடிப்பக்கம் வியர்த்துப் புழுங்கும். நைலான் கட்டில், அல்லது செங்கல்மேல் கட்டிய கொசுவலைச் சட்டம் வேண்டும். இரண்டு அங்குலத்துக்கு மேல் அடுக்கக் கூடாது. முதல் நாள் மதியம்வரை நேர் வெயில்; அதற்குள் புல் துவண்டு எடை நன்றாகக் குறைந்துவிடும். பிறகு பச்சை நிழல்வலைக்கு அடியில் தள்ள வேண்டும். முழுக்க வெயிலிலேயே விட்டால் வேகமாகக் காயும், ஆனால் வெளுத்து மஞ்சளாகி மணம் போய்விடும். நிறத்தோடு கரோட்டினும் போகிறது. பகலில் மூன்று நான்கு முறை புரட்டி, மாலையில் பனி இறங்கும் முன் உள்ளே எடுக்க வேண்டும். கோடையில் இரண்டு மூன்று நாளில் முடியும். தை மாசியில் ஒரு நாள் கூடும்.

காய்ந்ததா என்று இலையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரு கைப்பிடி எடுத்து முறுக்கினால் தண்டின் கணு ‘படக்’ என ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஒரு நாள் காய வேண்டும். இன்னொரு வழி: 100 கிராம் எடுத்து நிறுத்து, ஒரு மணி நேரம் நல்ல வெயிலில் வைத்து மறுபடி நிறுப்பது. எடை அப்படியே இருந்தால் சாக்கில் கட்டலாம். இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம், ஏனென்றால் பூஞ்சை பிடித்த புல்லை வெயிலில் போட்டுத் திருப்பி எடுக்க முடியாது. பூஞ்சை செத்தாலும் நச்சு நிற்கும். உதறினால் வெண்தூசு பறந்தாலோ ஈரச்சுவர் வாடை வந்தாலோ மொத்தமும் குப்பைக்குத்தான்.

10 கிலோ பச்சைப்புல் காய்ந்து இரண்டரை கிலோ அளவில் நிற்கும். முயல் மிதித்து வீணாக்குவதையும் சேர்த்து, 2 கிலோ முயலுக்கு நாளைக்கு 100 கிராம் என்று கணக்கு வைத்தால் ஒரு முயலுக்கு மாதம் 3 கிலோ. அதற்கு 12 கிலோ பச்சைப்புல் அறுக்க வேண்டும். சணல் சாக்கில் தளர்வாக நிரப்பி, பலகைமேல், சுவரில் படாமல் வைக்கிறோம். பிளாஸ்டிக் பையில் காற்றோட்டமில்லை, வியர்வை கோத்துக்கொள்ளும்.

இனி பழக்கிய விதம். முதல் வாரம் பெல்லட்டில் கை வைக்கவில்லை. புல்லை மட்டும் எப்போதும் இருக்கும்படி வைத்தோம். அடுத்து வாரத்துக்குக் கால் பங்கு வீதம் குறைத்து, முயலுக்கு நாளைக்கு 40 கிராமில் நிறுத்தினோம். அதற்கு மேல் பெல்லட் வைத்தால் வயிறு நிறைந்துவிடும், புல் அப்படியே கிடக்கும். இறைச்சி முயலுக்காகச் செய்யும் பெல்லட்டில் புரதம் கூடுதலாக, நார் குறைவாக இருக்கும். மூட்டையின் சீட்டில் நார்ச்சத்து 18 சதவீதத்துக்குக் குறையாததைத் தேடி வாங்க வேண்டும். புல்லைத் தீண்டாத முயலுக்கு ஒரு வழி பலித்தது. புல்தட்டியை மலப்பெட்டிக்கு மேலேயே மாட்டிவிட்டோம். முயல் உட்கார்ந்து புழுக்கை போடும்போதே மேயும் பழக்கமுள்ளது. இரண்டு மூன்று கொத்தமல்லித் தண்டைப் புல்லுக்குள் செருகி வைத்ததும் உதவியது. பட்டினி போட்டுப் பழக்குவது மட்டும் கூடவே கூடாது.

மாற்றம் முதலில் புழுக்கையில் தெரிந்தது. பெல்லட் காலத்தில் சிறியதாக, கருப்பாக, கெட்டியாக இருந்தது. இப்போது உருண்டையாக, வெளிர்நிறத்தில், விரலால் நசுக்கினால் நார் உதிர்கிறது. பச்சை மிளகுக் கொத்துபோல ஒட்டி, பளபளப்பாக, நாற்றத்தோடு வருவது வேறு வகைப் புழுக்கை. அதை முயல் வாயை வைத்து நேராகவே தின்றுவிடும். பெருங்குடற்பையில் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய பி வைட்டமினும் புரதமும் அதில்தான் இருக்கின்றன. அது தரையில் தின்னாமல் கிடந்தால் பெரும்பாலும் மாவுச்சத்து கூடிவிட்டது என்று அர்த்தம். பிஸ்கட், பொரி, சோறு, பிரெட் எதையும் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான். கேரட் வாரத்தில் இரண்டு முறை, ஒரு துண்டு போதும்.

கீரையில் கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை நாள்தோறும் ஒரு பெரிய கைப்பிடி. புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அடுத்ததைச் சேர்க்கும் முன் சில நாள் புழுக்கையைப் பார்ப்பது நல்லது. முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, எப்போதாவது ஓர் இணுக்கு. சில கீரைகளுக்குப் பிறகு சிறுநீர் சிவக்கும், பெரும்பாலும் நிறமிதான். ஒரு நாளில் மாறாவிட்டாலோ முயல் முக்கினாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முயல் பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது. நாமாக ஆன்டிபயாடிக் கொடுக்கவும் கூடாது. வாய்வழி அமாக்ஸிசிலின், பெனிசிலின் முயலின் குடல் நுண்ணுயிர்களை அழித்துக் கொன்றுவிடும். நாய்க்குப் பூசும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு விஷம்.

சித்திரை, வைகாசியில் பகலில் தீனி குறைவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவை அந்தியிலும் விடியலிலும் மேய்பவை. புல்லை மாலை ஆறு மணிக்குப் புதிதாக வைக்கிறோம். தண்ணீர் கனமான மண்சட்டியில், இரண்டு இடத்தில். தண்ணீர் குறைந்தால் உலர்புல் தின்பதும் நின்றுவிடும். படுக்க ஈரம் தெளித்த ஓடு, பக்கத்தில் துணி சுற்றிய பனிக்கட்டிப் புட்டி. காதை ஈரக்கையால் தடவலாம். உடலில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வாய் திறந்து மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைக்கு.

இப்போது ஓடுவது வடகிழக்குப் பருவமழைக்கான சேமிப்பு. அக்டோபர் முதல் டிசம்பர்வரை இங்கே புல் காயாது. இரண்டு முயலுக்கு மூன்று மாதத்துக்கு 18 கிலோ வேண்டும். ஈரம் ஏறிக் கெடுவதற்கென இன்னும் 4 கிலோ சேர்த்து 22 கிலோ இலக்கு. வாரம் ஒருமுறை ஒவ்வொரு சாக்கின் நடுவிலும் கையை விட்டுப் பார்க்கிறோம். வெதுவெதுப்பாக இருந்தால் உடனே பிரித்துப் பரப்ப வேண்டும். மாடித் தொட்டிகளில் கொழுக்கட்டைப்புல் வேர்க்கரணை (தூரிலிருந்து வேரோடு பிரித்த துண்டு) நட்டிருக்கிறோம். புதிய விதைக்கு உறக்கநிலை உண்டு, சரியாக முளைக்காது. கரணையில் அந்தத் தொல்லை இல்லை. முதல் அறுவடைக்கு இரண்டரை மாதம் ஆகும். அந்தப் புல்லின் எடைக் கணக்கைக் காயவைத்த பிறகு சேர்க்கிறோம்.