வர்க்க எண்ணின் கடைசி இலக்கங்கள்: ஒலிம்பியாட் எழுதுவோருக்கு

வர்க்க எண்ணின் இலக்கங்களைப் பற்றிக் கேட்டால் வலது ஓரத்தில் இருந்து தொடங்குங்கள். கடைசி இலக்கம் 0, 1, 4, 5, 6, 9 ஆகத்தான் இருக்கும். கடைசி இரண்டு இலக்கங்களுக்கு 22 வாய்ப்புகள் மட்டுமே. இந்தச் சோதனையால் ஓர் எண் வர்க்கமில்லை என்று ஒதுக்க முடியும், வர்க்கம்தான் என்று உறுதி செய்ய முடியாது. 126-ஐப் பாருங்கள்: 6-ல் முடிவதால் கடைசி இலக்கச் சோதனையைத் தாண்டிவிடுகிறது. ஆனாலும் வர்க்கமில்லை. 6-ல் முடியும் வர்க்கத்தின் பத்துகள் இட இலக்கம் எப்போதும் ஒற்றைப்படை, இங்கே அது 2.

வர்க்கத்தின் கடைசியில் பூச்சியமல்லாத ஒரே இலக்கம் எத்தனை முறை வரலாம்? 11, 55, 99 ஆகியவை 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும், 66 மீதி 2 தரும். வர்க்கத்துக்கோ மீதி 0 அல்லது 1. ஆக மிஞ்சுவது 44 மட்டும். 38² = 1444, எனவே மூன்று முறை வரும். 4444-ல் முடியாது: 16-ஆல் வகுத்தால் அதன் மீதி 12, வர்க்கங்களுக்கு 0, 1, 4, 9 தவிர வேறு மீதி கிடையாது. '10000 என்பது 16-ஆல் வகுபடும், அதனால் கடைசி நான்கு இலக்கங்களே போதும்' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் நிரூபணம் நிற்காது.

இதைவிட அழகானது, தன் வர்க்கத்தின் கடைசியில் தானே வந்து நிற்கும் எண்கள்: 5, 25, 625, 6, 76, 376, 9376. k இலக்க எண் n இப்படி அமைய, n(n−1) என்பது 10ᵏ-ஆல் வகுபட வேண்டும். அடுத்தடுத்த எண்களுக்குப் பொதுக் காரணி 1 மட்டுமே. ஆகவே 2ᵏ முழுவதும் ஒன்றிலும், 5ᵏ முழுவதும் ஒன்றிலும் அடங்கும். 0, 1 தவிர இரண்டு தீர்வுகள் கிடைக்கும். அவற்றின் கூட்டல் 10ᵏ+1: 625 + 376 = 1001.

5-ல் முடியும் வரிசையில் ஒருமுறை வர்க்கப்படுத்தினால் இடப்புறம் புதிதாக ஓர் இலக்கம்தான் உறுதி. 625² = 390625; நான்கு இலக்கம் எடுத்தால் 0625, அதாவது அங்கே நான்கிலக்க எண்ணே இல்லை. 390625 முழுவதையும் விடையாக எழுதுவது பலர் விழும் இடம்: அதன் வர்க்கம் 890625-ல் முடிகிறது. 90625-ஐ வர்க்கப்படுத்தினால்தான் 890625 சரியாக வரும்.

6-ல் முடியும் வரிசையில் புதிய இலக்கத்தை 10-லிருந்து கழிக்க வேண்டும். 76² = 5776; 76-க்கு இடப்புறம் வரும் புதிய இலக்கம் 7, 10 − 7 = 3, எனவே 376. புதிய இலக்கம் 0 என்றால் 0-வே இருக்கட்டும்.