பின் சக்கரம் காற்றை விழுங்கிய மூன்று வாரம்

நேற்று காலை எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்பே பேஸ்மென்ட்டுக்கு இறங்கிச் சைக்கிளின் பின் சக்கரத்தை அமுக்கிப் பார்த்தேன். கல்லாக இருந்தது. 60 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வைத்து இரண்டு இரவு ஆகிவிட்டது, கேஜ் 57 காட்டியது. போன மாதம் இதே சக்கரத்தில் ராத்திரி 60 வைத்தால் விடியும்போது 15-இல் கிடக்கும். மூன்று வாரம், முக்கால் சுருளுக்கு மேல் டேப், ஒரு பாட்டில் சீலன்ட் (டியூப் இல்லாத டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும், ஓட்டை அடைக்கும் திரவம்), குளியலறையில் ஒரு சண்டை. எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் அடுத்த வசந்தத்தில் நானே மறந்துபோய் இதே தப்பைச் செய்வேன்.

டொராண்டோவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அதற்கப்புறம் வேலை முடிந்து வந்தாலும் வெளிச்சம் மிச்சமிருக்கும், கால் தானாக அரிக்க ஆரம்பிக்கும். ஆனாலும் உடனே இறங்கக் கூடாது என்பது என் கட்சி. குளிர்காலம் முழுக்கக் கொட்டிய உப்பு ரோட்டோரத்தில் வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. ஈரத்தில் கரைந்து அது செயினுக்குள்ளும் ஹாண்டில் திரும்புகிற ஹெட்செட் பேரிங்குக்குள்ளும் போனால், அடுத்த மாதம் கடைக்காரருக்குத்தான் சம்பாத்தியம். இரண்டு நல்ல மழை அடித்துக் கழுவிவிட்டுப் போகட்டும் என்று காத்திருப்பேன். குழிகள் வேறு. விரிசலில் இறங்கிய தண்ணீர் உறைந்து, விரிந்து, உருகி, மறுபடி உறைந்து தாரைப் பெயர்த்து வைத்திருக்கும். "ஓரமாகப் போ" என்று ஹாரன் அடிக்கிற கார்க்காரரை ஒரே ஒரு நாள் அந்த ஓரத்தில் ஓட்டச் சொல்ல வேண்டும்.

சரி, மழைக்குக் காத்திருக்கும் நேரத்தில் சக்கரத்தை மாட்டி வைப்போம் என்று போனதில் ஆரம்பித்தது வினை.

குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே மிதிக்க ஒரு டிரெய்னர் வைத்திருக்கிறேன், பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை மாட்டுகிற வகை. ஆகவே நவம்பரிலிருந்து நான்கு மாதம் அந்தச் சக்கரம், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பக்கத்துச் சுவரில் சாய்ந்தே நின்றது. ஒரு நாள் கூடச் சுற்றிவிடவில்லை. டயரைக் கழற்றிப் பார்த்தால் சீலன்ட் முழுக்க அடியில் ஓரிடத்தில் தேங்கிக் காய்ந்து, கையளவு ஊத்தப்பமாக ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்து எடுக்கவே அரை மணி நேரம். அதை உரிப்பதில் ஒரு சுகம் உண்டு, மறுக்க மாட்டேன்.

புது சீலன்ட் 45 மில்லி ஊற்றி, வால்வு கோரை (வால்வுக்குள் இருக்கும் ஊசியை) கழற்றி, டயர் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, ஃப்ளோர் பம்ப்பில் வேகமாக அடித்தேன். டப், டப் என்று இரண்டு பக்கமும் ரிம்மில் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி வரும். காலையில் 15.

சீலன்ட் போதவில்லை என்று இன்னும் 30 மில்லி. சக்கரத்தைச் சுற்றி, குலுக்கி, இந்தப் பக்கம் அரை மணி, அந்தப் பக்கம் அரை மணி படுக்க வைத்தேன். காலையில் 18. வால்வு கோரில் ரப்பர் பிசுறு அடைத்திருக்கும் என்று புதுக் கோர் போட்டேன். 16. டயரின் பக்கச் சுவர் கசிகிறதோ என்று முன் டயரைக் கழற்றிப் பின்னால் மாட்டினேன். 15. அப்போதே டயர் நிரபராதி என்று புரிந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன், இன்னொரு 30 மில்லி ஊற்றினேன். பம்ப் முனையைப் பிடுங்கும்போது அதில் கொஞ்சம் தெறித்துப் பின் பிரேக் டிஸ்க்கில் விழுந்தது. துடைத்துவிட்டேன், பிரேக் இன்னும் பன்றி மாதிரி கத்துகிறது. பிரேக் பேட் மாற்ற வேண்டும், அது தனிக் கதை.

கடைசியில் ஊர் ஞாபகம் வந்தது. மன்னார்குடியில் எங்கள் தெரு முனையில் ஒரு வாடகை சைக்கிள் கடை. டியூபை உருவி, காற்றடித்து, பாதியாக வெட்டிய டிரம் தண்ணீரில் விரல்விரலாக நகர்த்துவார் கடைக்காரர். குமிழி வந்த இடத்தில் காப்பிங் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி, ஒட்டி, கட்டையால் இரண்டு தட்டு. முடித்ததும் நாக்கில் விரலைத் தொட்டு வால்வில் எச்சில் வைத்துப் பார்ப்பார். அங்கே ஒரு குமிழி எழுந்தால் வால்டியூப் (வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் குழாய்) போச்சு. என்னிடம் டிஜிட்டல் கேஜ் இருக்கிறது, டார்க் ரெஞ்ச் இருக்கிறது, அந்த டிரம் இல்லை. குளியல் தொட்டி இருந்தது.

"ஏங்க, குளிக்கிற தொட்டியில சைக்கிளா?"

"சைக்கிள் இல்லம்மா, சக்கரம் மட்டும்தான். பத்து நிமிஷம்."

"நீங்க சொல்ற பத்து நிமிஷம் எனக்குத் தெரியும்."

ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆனால் குமிழி கிடைத்தது. டயர் ஓரத்தில் ஒன்றும் இல்லை. வால்வில் எச்சில் வைத்தேன், அங்கேயும் இல்லை. வால்வுக்கு நேர் எதிரே இரண்டு ஸ்போக் நிப்பிள்களின் (ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் சின்னத் திருகுகளின்) அடியிலிருந்து சன்னமாகக் குமிழிகள் வரிசை கட்டி ஏறின. அப்படியென்றால் ஸ்போக் ஓட்டைகளை உள்ளிருந்து மூடும் ரிம் டேப்தான் என்று தெரிந்துபோயிற்று. அந்த இரண்டு ஓட்டைகளின் மேலிருந்த டேப்பை மட்டும் வெட்டி எடுத்து, 40 சென்டிமீட்டருக்குப் புதுசாக ஒட்டினேன். எடுத்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை. அதைப் பார்த்த பிறகும் சந்தேகம் வரவில்லை பாருங்கள். காலையில் 15.

இங்கேதான் மன்னார்குடி பாடம் காலை வாரியது. டியூபில் குமிழி வரும் இடம்தான் ஓட்டை. டியூப்லெஸ்ஸில் அது வெளியேறும் வாசல், அவ்வளவுதான். ரிம் என்பது உள்ளே கூடான ஒரு வளையம். டேப்பில் எந்த மூலையில் கிழிசல் இருந்தாலும் காற்று முதலில் அந்தக் கூட்டுக்குள் இறங்கும், அப்புறம் எந்த நிப்பிள் கொஞ்சம் தளர்வோ அங்கே எட்டிப் பார்க்கும். வீட்டுக் கூரை ஒழுக்கு மாதிரி. சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

டேப்பை மொத்தமாக உரித்தேன். வால்வு ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி நான்கு கிழிசல். அங்கிருந்து காய்ந்த சீலன்ட் வெள்ளைக் கோடாக டேப்புக்கு அடியில் ஓடியிருந்தது. போன வருடம் வால்வு போடும்போது டேப்பைக் கத்தியால் பெருக்கல் குறியாகக் கீறினேன். கீறலுக்கு முனை உண்டு, முனை இருந்தால் கிழிசல் ஓடும். அதோடு விட்டேனா? வால்வு நட்டைப் பிளையரால் முறுக்கினேன். கையால் முறுக்கினால் போதும் என்று எல்லோருக்கும் சொல்கிறவன் நான்.

இனி டேப் ஒட்டிய கதை. மூன்று வாரத்தில் நான் உருப்படியாகக் கற்றது இது ஒன்றுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்வேன்.

என் ரிம்மின் உள் அகலம் 21 மில்லிமீட்டர். பழைய டேப்பும் 21. அது நடுப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இரண்டு ஓரத்துக்கும் எட்டவில்லை. இந்த முறை 25. முதல் முயற்சியைக் கராஜில் வைத்துக்கொண்டேன், வெளியே 4 டிகிரி. குளிர்ந்த அலுமினியத்தில் பசை பிடிக்கவே இல்லை. இரண்டாவது சுற்று முடிவதற்குள் முதல் சுற்றில் சுருக்கம் கண்டுவிட்டது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் பிடிக்கும். இரண்டு சுற்றும் ஒட்டு மேல் ஒட்டுமாக 4.1 மீட்டர் குப்பைக்குப் போனது.

இரண்டாவது முயற்சி வீட்டுக்குள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துத் துடைத்து, துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை விடவில்லை. அப்புறம் ஹேர் டிரையரால் ரிம்மைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்தேன் (டிரையர் யாருடையது என்று கேட்காதீர்கள்). வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பித்து, டேப்பை நன்றாக இழுத்துப் பிடித்தபடியே ஒட்ட வேண்டும். இழுவை குறைந்தால் நடுப் பள்ளத்துக்கு மேல் பாலம் போட்டு நிற்கும். காற்று அடித்ததும் அந்தப் பாலம் கீழே அமுங்கும், ஓரம் உள்ளே இழுபடும், கதை முடிந்தது. ஒரு சாண் ஒட்டி, நிறுத்தி, துணி சுற்றிய கட்டைவிரலால் பள்ளத்துக்குள் தேய்த்து, அப்புறம் அடுத்த சாண். அவசரமே கூடாது. இரண்டு சுற்றுக்கு நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன். மறுநாள் வரை கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது.

வால்வு ஓட்டைக்குக் கத்தி இல்லை. ஒரு மெல்லிய ஆணியை மெழுகுவத்தியில் காய்ச்சிக் குத்தினேன். டேப் உருகி வட்டமாக ஓட்டை விழுந்தது, ஓரம் தடித்துப் பிசிறில்லாமல் நின்றது. வட்டத்துக்கு முனை கிடையாது. பூஜை மாடத்துக் காமாட்சி விளக்குதான் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஏற்கெனவே தொட்டி விவகாரம் ஆறாமல் இருந்ததால் அதைத் தொடவில்லை.

அப்புறம் உள்ளே ஒரு டியூபைப் போட்டு 60 வைத்து ஓர் இரவு விட்டுவிட வேண்டும். டியூபின் அழுத்தம் டேப்பை எல்லா மூலையிலும் அமுக்கி ஒட்ட வைத்துவிடும். காலையில் டயரின் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி டியூபை உருவினேன். மறுபக்கம் ரிம்மில் உட்கார்ந்தபடியே இருக்கும், பம்ப்புக்குப் பாதி வேலை மிச்சம். வால்வு நட்டை இரண்டு விரலால் மட்டும் முறுக்கினேன். பிளையரை மேல்மாடியில் ஒளித்து வைத்துவிட்டேன்.

டேப் வாங்கிய விஷயத்தையும் சொல்ல வேண்டும். பக்கத்துக் கடையில் 10 மீட்டர் சுருளுக்குக் கேட்ட விலையில் இரண்டு பேர் நன்றாகச் சாப்பிடலாம். இந்த மாதத்தில் சைக்கிளைச் சர்வீஸுக்கு விட்டால் மூன்று வாரம் ஆகும் என்று வேறு சொன்னார்கள். விவரம் தெரிந்தவர்கள் டெசா 4289 என்று ஒரு மஞ்சள் பேக்கிங் டேப்பை 66 மீட்டர் சுருளாக வாங்கி வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். நான் அவசரக்காரன், 10 மீட்டரை வாங்கினேன். இதன் பலனைக் கடைசியில் சொல்கிறேன்.

நடுவில் பொறுமை இழந்து, பின்னால் டியூபைப் போட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை இறங்கிவிட்டேன். மழை இரண்டு பெய்திருந்தது, 7 டிகிரி, வடமேற்குக் காற்று. வீடு டொராண்டோவின் கிழக்குப் பக்கம், ஸ்கார்பரோவில். ஷெப்பர்ட் வழியாகப் போய் ட்வின் ரிவர்ஸ் சரிவில் இறங்கி, ரூஜ் ஆற்றைக் கடந்து, பக்கத்து ஊரான பிக்கரிங் பக்கம் ஏறினேன். ஏறினேன் என்று எழுதுவது சுலபம். குளிர்காலம் முழுக்க டிரெய்னரில் வாட்ஸ் காட்டிக்கொண்டிருந்த கால், நிஜ மேட்டில் பத்தாவது மிதியிலேயே மன்னிப்புக் கேட்டது. டிரெய்னர் காலுக்குத் தீனி போடுகிறது, உண்மைதான். எதிர்க்காற்றில் தலையைக் குனிந்து தோள் வலிக்க உட்காருவதையும், குழியைக் கண்டு எழுந்து நின்று தாண்டுவதையும், ஓட்டிக்கொண்டே ஒரு கையால் மூக்கைத் துடைப்பதையும் அது கற்றுத்தருவதில்லை.

திரும்பும்போது ஏரிக்கரைப் பாதை. ஒன்டாரியோ ஏரி வசந்தத்தில் இன்னும் ஜில்லென்றே இருக்கும். ஏரியை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் மார்க்கம் பக்கம் கோட்டைக் கழற்றினாலும் கரையில் மறுபடி மாட்ட வேண்டும். ரூஜ் முகத்துவாரத்துப் பாலத்தில் விரல் மரத்துக் கியர் மாற்ற முடியவில்லை. ஆனால் அங்கே காய்ந்த கோரைத் தண்டில் தோளில் சிவப்புப் பட்டை போட்ட கரும்பறவைகள் வந்து உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. அவை வந்துவிட்டால் எனக்கு வசந்தம் வந்த கணக்கு. 41 கிலோமீட்டர், சராசரி மணிக்கு 21. அக்டோபரில் இதே சுற்றுக்கு 26. யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இலக்கு ஒன்று வைத்திருக்கிறேன். மே மாதத்துக்குள் ஒரு 200 கிலோமீட்டர் பிரெவே (கெடு வைத்து ஓட்டும் நெடுந்தூர சைக்கிள் பயணம்). பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். சென்னையில் இருக்கும் நண்பர் ஜனவரியிலேயே கிழக்குக் கடற்கரைச் சாலையில் 200 முடித்துவிட்டுப் படம் அனுப்பினார், அரைக்கை ஜெர்சியில். அன்றைக்கு இங்கே மைனஸ் 14. அதற்குள் செயினுக்கு மெழுகுக் குளியல் போட்டுப் பார்க்க ஆசை. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாது, உப்பு மண்ணும் சேராது என்கிறார்கள். மெழுகை உருக்க ஒரு பழைய ஸ்லோ குக்கர் வேண்டும். சமையலறையில் இருப்பதைக் கேட்கும் துணிச்சல் இல்லை, கராஜ் சேல்களில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஹாண்டில் பார் டேப் பாதி சுற்றியபடி தொங்குகிறது, அது இருக்கட்டும்.

பின் சக்கரம் நிற்கிற குஷியில் நேற்று முன் சக்கரத்துக்கும் 60 வைத்து விட்டேன். அதே நாளில், அதே கத்தியால், அதே 21 மில்லிமீட்டர் டேப்பில், அதே பிளையரால் போட்ட சக்கரம்தான் அதுவும். இன்று காலை 38. சுருளை எடுத்து அளந்தேன். மிச்சம் 1.4 மீட்டர். ஒரு சுற்றுக்கே 2 மீட்டர் வேண்டும்.

மஞ்சள் டேப் 66 மீட்டர், ஆர்டர் போட்டாயிற்று. வியாழக்கிழமை வரும் என்கிறது. தொட்டி விஷயத்தில் இந்த முறை முன் அனுமதி வாங்க வேண்டும்.